டைரக்டர் கருப்பம்மாள்

சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால் எடுக்க மரம் சீவியவள் கருப்பம்மாள். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றபின் புந்தோங்கில் ஒற்றை அறை வீட்டுக்கு வந்தாள். பத்து வருடமாக அர்ச்சுனனின் அலுவலகத்தைக் கூட்டித் துடைத்து, தேநீர் கலக்கிக் கொடுத்தாள்.

அர்ச்சுனன் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்புகிறவன். வங்காளதேசத்து ஆட்கள்; பாதிப் பேருக்குப் பெர்மிட் கிடையாது. பிடிபட்டால் அவர்கள் சிறைக்குப் போவார்கள், இவன் வேறு ஆள் எடுப்பான். பெர்மிட் இல்லாதவனை வேலைக்கு வைக்கிற முதலாளியையும் இனி விடமாட்டோம் என்று அரசாங்கம் கெடுபிடி செய்யத் தொடங்கியபோதுதான் அவன் தப்ப வழி தேடினான். அவனுக்குத் தோன்றிய வழி, கையில் துடைப்பத்தோடு எதிரே நின்றிருந்தது.

"அக்கா, இதுல ஒரு சைன் போடுங்கலா. சொக்சோ சேக்கணும்."

பத்து வருடம் அவளைச் சேர்க்காத சொக்சோ, தொழிலாளர் காப்பீடு. அவள் நம்பிக் கையெழுத்துப் போட்டாள்.

எட்டு மாதம் கழித்து, ஆட்கள் தங்கியிருந்த வீட்டைக் குடிநுழைவு அதிகாரிகள் வளைத்து முப்பத்தொரு பேரைப் பிடித்தார்கள். மறுநாள் காலை கருப்பம்மாள் வீட்டு வாசலில் ஷாமினி என்ற தமிழ் அதிகாரி நின்றாள்.

"கம்பெனி டைரக்டர் கருப்பம்மாள் நீங்கதானா, அம்மா?"

கருப்பம்மாள் விலகி நின்று வீட்டைக் காட்டினாள். "உள்ள வந்து பாரும்மா. டைரக்டர் ஊடு இப்படித்தான் இருக்குமா?"

ஷாமினி காட்டிய கம்பெனிப் பதிவுத் தாள்களில் இருந்தது, சொக்சோவுக்கு என்று அவள் போட்ட கையெழுத்துதான். நாளைக்குக் குடிநுழைவு அலுவலகத்துக்கு வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லிப் போனாள்.

மத்தியானம் அர்ச்சுனன் போன் செய்தான். "அக்கா, ஒரு வாரம் காம்பார்ல உங்க தங்கச்சி ஊட்டுக்குப் போயிருங்க. நான் செட்டல் பண்றேன்லா."

"ஏன், நீ ஓடுறதுக்கு எடம் கிடைக்கலியா அர்ச்சுனா?" என்றாள். பத்து வருடம் 'முதலாளி' என்று அழைத்த வாய். அவன் போனை வைத்துவிட்டான்.

மறுநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். அலுவலகத் தாழ்வாரத்தில் அர்ச்சுனன் வக்கீலோடு உட்கார்ந்திருந்தான். நெற்றி நிறைய விபூதி. அவனைப் பார்த்து அவளுக்குக் கோபம் வரவில்லை. செருப்பில் ஒட்டிய அசிங்கத்தைப் பார்க்கிற மாதிரிதான் இருந்தது. உள்ளே போய், கம்பெனி பெயரைக்கூடச் சொல்லத் தெரியாமல், தெரிந்ததை எல்லாம் சொன்னாள்: ஆட்களின் பாஸ்போர்ட்டுகள் எந்த அலமாரியில் இருந்தன, பழுதான கழிப்பறையைப் பற்றிக் கேட்டவனை யார் அறைந்தது.

"இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்று ஷாமினி கேட்டாள்.

"இத்தனை நாள் யாரும்மா என்னைக் கேட்டீங்க?"

அவளைச் சாட்சியாக்கினார்கள். அர்ச்சுனன் மேல் வழக்குப் போட்டார்கள். முப்பத்தொரு பேரில் பெர்மிட் இல்லாதவர்களைத் தடுப்பு முகாமில் வைத்து ஊருக்கு அனுப்பினார்கள். ஜாமீனில் வந்த அர்ச்சுனன், மாமியார் பெயரில் இன்னொரு கம்பெனி திறந்துவிட்டான். சட்டம் இவ்வளவு மாறியதில் அவன் மாற்றியது ஒரு பெயர்ப்பலகையைத்தான்.

கருப்பம்மாள் இப்போது ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவுகிறாள். வழக்கு மூன்று முறை தள்ளிப்போய்விட்டது. ஒவ்வொரு முறையும் லீவு போட்டுவிட்டுப் போய், அர்ச்சுனனுக்கு நேர் எதிர் பெஞ்சில் உட்காருகிறாள். அவன் தலை குனிந்து போனை நோண்டுகிறான். நீதிமன்றம் கலைகிறவரை அவள் பார்வையை எடுப்பதில்லை.