"போயிட்டு வாரேன்" என்பதற்கு ஒரு பாலிசி

2025 ஜூலை பதினான்கு, திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்து. மெல்பர்னில் ஏழு டிகிரி, விட்டுவிட்டுத் தூறல். பயணக் காப்பீட்டுக் கம்பெனி ஒன்றுக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் தன் பெயர் எம்மா என்றாள். எங்கள் ராஜபாளையத்தில் பஸ் கண்டக்டரிலிருந்து பலசரக்குக் கடைக்காரர் வரை எந்தப் பெண்ணையும் 'எம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். அதிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. டிசம்பரில் ஊருக்குப் போகிறேன் என்பதை "ஐ ஆம் கோயிங் ஹோம்" என்று சொன்னேன். வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்குக் காப்பீடு கிடையாது, வீட்டைவிட்டு வெளியே போகிறவர்களுக்குத்தான் என்றாள். நான் குடியிருப்பது இங்கேதான் என்றேன். அப்படியானால் ஹோம் இதுதானே என்றாள். மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று கூறி, நம் வழக்கப்படி "ஐ வில் கோ அண்ட் கம்" என்று விடைபெற்றுக் காப்பி போடப் போனேன். திரும்பி வந்தால் மேசையில் கிடந்த போனுக்குள் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சிவப்புப் பொத்தானை நான் அழுத்தவே இல்லை. காதில் வைத்ததும், "வந்துவிட்டீர்களா, சார்?" என்றாள். பதினொரு நிமிடம் காத்திருந்திருக்கிறாள், பாவம்.

போகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் யாரும் வாசல் இறங்க முடியாது. அய்யா ராணுவத்தில் இருந்தார். லீவு முடிந்து டிரங்குப் பெட்டியோடு ரயிலடிக்குக் கிளம்பும்போது வீட்டுக்குள் ஜெபம் முடியும். அம்மா வாசலில் நிற்பாள். ஒருமுறை ஏதோ நினைப்பில், "நேரமாச்சு, போறேன்" என்று சொல்லி நடந்துவிட்டார். தெருமுனைவரை போனவரை அம்மா கூப்பிட்டு நிறுத்தினாள். அய்யா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரமும் திரும்பி வந்து, "போயிட்டு வாரேன். போதுமா?" என்றார். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா, "போயி ரா, போயி ரா" என்று தன் பங்குக்கும் சிரித்துக்கொண்டே சொன்னார். எல்லைக்குப் போகிறவருக்கு அந்தக் காலத்தில் நாங்கள் எடுத்துக் கொடுத்த பாலிசி அவ்வளவுதான். அய்யாவும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தார்.

எனக்கு எழுபத்தாறு வயது. இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். நாங்கள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இன்னும் இருக்கும் என் அக்காவுக்கு எண்பத்தொன்று. இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அவளுடைய உலகம் கட்டிலும் சன்னலுமாகச் சுருங்கிவிட்டது. "ஏலே தம்பி, இந்தக் கிறிஸ்மஸுக்காவது வந்துருலே. வந்து இங்ஙனயே இருந்துரு. நாம ரெண்டு பேரும் கஞ்சி குடிக்க எம்புட்டு வேணும்?" என்று போனில் சொன்னாள். அன்று மாலையே மகள் ஜெசியிடம் ஒருவழி டிக்கெட் எவ்வளவு என்று சும்மாதான் விசாரித்தேன். அவள் விலையைச் சொல்லவில்லை. இதயத்துக்கும் சேர்த்துக் காப்பீடு கிடைத்தால் டிக்கெட், இல்லாவிட்டால் பயணமே கிடையாது என்று மட்டும் சொன்னாள்.

அதனால் மூன்று பாலிசிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதலாவது மிகவும் மலிவு, இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்.

"அப்பா, இதுல ஹார்ட்டு மட்டும் சேராதாம்."

"அப்ப ஹார்ட்ட இங்ஙனயே வச்சிட்டுப் போகவாம்மா?"

அவள் சிரிக்கவில்லை.

நான் முப்பத்தொரு வருஷம் ராஜபாளையம் நூல்மில் ஒன்றில் தரச்சோதனையில் இருந்தவன். சங்கு ஊதி ஷிப்ட் மாறும்போது பஞ்சு ஒட்டிய தலைகளோடு சைக்கிள்கள் வெளியேறும் அந்த வாசலை இந்த ஊர் டிராம் நிறுத்தத்தில் நின்றபடி எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நூலின் மெல்லிசுக்கு மில்லில் 'கவுண்ட்' என்று பெயர். கவுண்ட் கூடக்கூட நூல் மெலியும், விலை ஏறும். காப்பீட்டில் தலைகீழாக இருக்கிறது: விலை குறையக்குறைய எழுத்து மெலிகிறது. மில்லில் ஒரு நூலை நம்புவதா வேண்டாமா என்று தெரிய வேண்டுமானால் அறுகிறவரை இழுத்துப் பார்ப்போம். இங்கேயும் அதைத்தான் செய்தேன். இதயத்தையும் சேர்க்கிற மற்ற இரண்டு கம்பெனிகளின் அவசர உதவி எண்ணுக்கும் பிற்பகலில் கூப்பிட்டேன். ஆயிரத்து நூற்று நாற்பது டாலர் கேட்ட கம்பெனி இருபத்திரண்டு நிமிடம் பாட்டுப் போட்டது, யாரும் எடுக்கவில்லை. எம்மாவின் கம்பெனியில் மணி ஏழு தடவை அடித்ததும் ஒருவர் எடுத்தார். அவசரமில்லை, எடுக்கிறீர்களா என்று பார்த்தேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. ராஜபாளையம் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவீர்களா, நாங்கள் கட்டிவிட்டுப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டேன். பெரிய செலவென்றால் நேரடியாகக் கட்ட முயல்வோம், ஆனால் சேர்ந்தவுடன் எங்களைக் கூப்பிட வேண்டும் என்றார். ஸ்டென்ட் விவரத்தை ஒளிக்காமல் சொல்லச் சொன்னார். ஒளித்தால் பிறகு காலணாவும் பெயராதாம். புறப்படக் காத்திருக்கும் என் வயதுக்காரர்கள் இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளலாம்.

மறுநாள் எம்மாவின் கம்பெனி விண்ணப்பத்தை ஜெசி கணினியில் நிரப்பினாள். குடியிருக்கும் நாடு, போகும் நாடு, இரண்டு ஸ்டென்ட். ஓரிடத்தில் நின்றுவிட்டாள்.

"உங்களுக்கு அங்க ஏதாவது ஆச்சுன்னா, ஹோமுக்குக் கொண்டு வருவாங்களாம்."

"எந்த ஹோமுக்கு?"

"இங்கதான்ப்பா. அம்மா பக்கத்துல."

என் மனைவி எஸ்தர் இந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறாள். கல்லில் இடப்பக்கம் அவள் பெயர். வலப்பக்கம் எனக்காக விட்ட வெற்றிடம். ஊரில் அய்யா அம்மா கல்லறைக்குப் பக்கத்திலும் ஆளளவு இடம் இருப்பதாக அக்கா சொல்லியிருந்தாள்.

"அங்ஙனயே அடக்கம் பண்ணினா?" என்றேன்.

"அதுக்கும் குடுப்பாங்க." திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கட்டத்தில் திரும்பி வரும் தேதி கேட்டிருந்தது. அவள் விரல் அதற்கு மேல் நின்றது. "அப்பா, நீங்க போயிட்டு வாரீகளா, இல்ல போறீகளா?"

இந்த ஊருக்கு வந்து இருபது வருஷமாக என் மகள் 'வாரீக' என்று பேசி நான் கேட்டதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருமுனையிலிருந்து திரும்பி வந்த அய்யாவின் முகம் நினைவுக்கு வந்தது.

"போயிட்டு வாரேம்மா," என்றேன்.

ஜனவரி இருபத்தேழு என்று அடித்தாள்.

சாயங்காலம் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அப்ப இருக்க வரலியாலே?" என்றாள். திரும்பும் தேதியைச் சொன்னேன். பிறகு, "சரி, செத்த நேரமாவது எங்கூட இருப்பேல்ல, வா," என்றாள். "அந்த இன்சூரன்ஸுக்காரனுக்கு எம்புட்டு அழுதே?" சொன்னேன். "அடப்பாவி! வாயால சொன்னா நம்ப மாட்டானாமா?"

போனை வைத்தபின் பாலிசியை மறுபடி படித்தேன். அக்கா வீட்டு முற்றத்தில், நான் நடை பழகிய அதே ஊரில், கால் வழுக்கி விழுந்தால் பணம் உண்டு. அங்கே நான் பயணி. எஸ்தரைப் பார்க்கப் போகும் வழியில் இந்த ஊர் ஈரத்தில் வழுக்கினால் கிடையாது. இங்கே நான் வீட்டில் இருக்கிறேனாம். வாசலில் யாராவது நின்று கேட்டிருந்தால் செலவில்லாமல் முடிந்திருக்கும். நின்று கேட்க ஆளில்லாததால், வரியும் சேர்த்து எழுநூற்று முப்பத்தொரு டாலர், நாற்பது சென்ட்.