ஃபோர்மட் அடிக்காமல் ஒரு வைத்தியம்

பதுளை டவுனில் மூன்று மாதக் கம்பியூட்டர் கோர்ஸ் ஒன்றை முடித்து, சான்றிதழுக்குச் சட்டமும் போட்டுக்கொண்டு ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குத் திரும்பியதிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என் பெயரே மாறிவிட்டது. எல்லோருக்கும் நான் ‘கம்பியூட்டரு’. யார் வீட்டில் ரேடியோ கரகரத்தாலும், அயன் சுடாவிட்டாலும் எனக்குத்தான் ஆள் வரும். நானும் போய்ச் சாமானைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, “இது உள்ளுக்குள்ள பிரச்சின” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

உண்மையில் கம்பியூட்டர் என்னுடையதல்ல. தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்த அக்கா தன் சம்பளத்தில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஆசிரியர் கலாசாலைக்கு அவள் இறுதி ஒப்படை ஒன்று கொடுக்க வேண்டியிருந்தது. தேயிலைக் கொழுந்தெடுக்கும் அம்மாமாரின் பிள்ளைகள் முதல் பாடத்திலேயே ஏன் தூங்கி விழுகிறார்கள் என்பதுதான் தலைப்பு. மூன்று மாதமாக, ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாகத் தேடித் தட்டி நாற்பத்து மூன்று பக்கம் சேர்த்திருந்தாள். திங்கட்கிழமை அதைக் கையில் கொடுக்காவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

எனக்கும் ஒரு தேவை இருந்தது. கூட்டாளி ஒருவன் கொடுத்த சினிமாப் படத்தை உள்ளே ஏற்ற இடம் போதவில்லை. கோர்ஸ் படித்தவன் அல்லவா, மறைத்து வைத்திருக்கும் ஃபோல்டர்களையெல்லாம் தெரிய வைத்துத் தேடினேன். ஒன்றில் வேறோர் இடத்தில் ஏற்கெனவே பார்த்த அதே ஃபைல்கள், அதே பெயர்களில், இன்னொரு தடவை அடுக்கி இருந்தன. ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு அம்மிக்கல் என்று நினைத்தேன். முழுவதையும் அழித்துவிட்டுப் படத்தை ஏற்றினேன். படம் நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஃபைல்கள் சும்மா கிடக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. கம்பியூட்டர் தன் முக்கியமான ஃபைல் ஒன்று கெட்டுப்போனால் எடுத்து மாற்றிக்கொள்ளப் பத்திரப்படுத்தியிருந்த மாற்றுச் சாமான் அது. அடுத்த வாரம் மழையில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் சில ஃபைல்கள் கெட்டுப்போயின. கம்பியூட்டர் மாற்றைத் தேடிப் போயிருக்கும். அங்கே என் படம் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அக்கா ஒப்படையைத் திறக்கப் போனாள். எந்த ஃபோல்டரை அமுக்கினாலும் ஒரு கணம் திறந்து, ஏதோ இங்கிலீசில் புலம்பிவிட்டு மூடிக்கொண்டது.

“என்னடா செஞ்ச?”

“நான் ஒன்னும் செய்யல. கரண்டு போய் வந்துச்சுல்ல.”

அதில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு சனிக்கிழமை காலை பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். கம்பியூட்டரை எங்களுக்கு விற்ற கடைக்கார நானா, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“கொண்டாங்க தம்பி, ஃபோர்மட் அடிப்பம். அரை மணித்தியாலத்துல முடிஞ்சிரும்.”

“ஃபோர்மட் அடிச்சா அக்கா எழுதினது?”

“அதுவும் முடிஞ்சிரும்.”

என் முகத்தைப் பார்த்து இரங்கியிருக்க வேண்டும். கெட்டுப்போன ஃபைல்களைத் தேடித் திருத்தும் கட்டளை ஒன்றை பஸ் டிக்கட்டின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார். “இதக் குடுத்தா சிடி கேக்கும். மெஷின் தந்த நேரம் நான் தந்த சிடியத்தான் போடணும். இப்ப என்கிட்ட இருக்கிறது புதுசு, உங்கட மெஷின் அத எடுக்காது. பழைய சிடி வீட்ல இருக்குதானே?”

“இருக்குங்க” என்றேன், மிகுந்த நம்பிக்கையோடு.

ஞாயிற்றுக்கிழமை காலை கட்டளையைக் கொடுத்தேன். ஒரு சின்னப் பெட்டி தோன்றிக் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு, சிடியைப் போடு என்றது. அலுமாரியைத் திறந்தேன். மேசை லாச்சியைக் கவிழ்த்தேன். கையில் அகப்பட்ட பக்திப் பாட்டு சிடியைப் போட்டுப் பார்த்தேன். இது சரியான சிடி அல்ல என்றது. அக்கா பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இங்க கிடந்த சிடியெல்லாம் எங்க?”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “அந்த மினுமினுத் தட்டா? குருவி வருதுன்னு போஞ்சிக்குக் கட்டச் சொன்னேன். நீதானேடா நூல் கோத்துக் கட்டின.”

நான்தான். எங்கள் பக்கம் லயத்துக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு மரக்கறித் தோட்டம் உண்டு. போஞ்சிக் கொடியில் பழைய சிடியைக் கட்டித் தொங்கவிட்டால் வெயிலில் பளிச்சிட்டுக் குருவியை விரட்டும். அம்மா கேட்டதும், கிடந்ததையெல்லாம் என்னவென்று பார்க்காமலே அள்ளிக் கட்டியிருந்தேன். அதைப் பார்த்து அயல் வீட்டாரும் வந்து கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துப் புண்ணியம் தேடிக்கொண்டேன்.

எங்கள் துண்டில் ஏழு சிடி தொங்கின. ஏழையும் அறுத்து வந்து சட்டைத் துணியால் துடைத்துப் போட்டோம். ஒன்றும் சரிவரவில்லை. மழையில் எழுத்து அழிந்துபோனதால் எது என்னவென்றே தெரியவில்லை. ஒன்று கல்யாண வீட்டு வீடியோ. யார் கல்யாணம் என்று இன்றுவரை தெரியாது. பிறகு ஞாபகம் வந்தது. லயத்தில் அஞ்சாம் காம்பரா வீட்டு அத்தை சிடி கேட்டு வந்தபோது, இருந்ததிலேயே அதிகம் மின்னிய ஒன்றை அவரே பார்த்துத் தெரிந்தெடுத்துக்கொண்டு போனார். நானா தந்த சிடிதான் அப்படி மின்னும்.

அக்காவும் நானும் போனபோது அத்தை தன் போஞ்சித் துண்டில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். கொடிகளுக்கு நடுவே சிடி காற்றில் சுழன்றது.

“அத்தை, அந்தத் தட்டக் கொஞ்சம் தாங்க. அக்காவோட படிப்பே அதுலதான் இருக்கு.”

“படிப்பக் கொண்டாந்து என் போஞ்சியில ஏன்டா கட்டின?”

“தெரியாமக் குடுத்துட்டேங்க.”

“தட்டுத் தாரேன். இது பூப் பூத்த நேரம். தட்டு இல்லேன்னா ஒரு மணித்தியாலத்துல கொத்தித் தீத்துரும். அது திரும்பி வர்ற வரைக்கும் நீ இங்க நின்னு வெரட்டு.”

சிரிக்காமல்தான் சொன்னார். நான் சிடியை அக்காவின் கையில் கொடுத்து, அமுக்க வேண்டியதைச் சொல்லியனுப்பிவிட்டு, சட்டம் போட்ட சான்றிதழுக்குச் சொந்தக்காரனாகப் போஞ்சிக் கொடிகளுக்கு நடுவே கையை விரித்துக்கொண்டு நின்றேன். அத்தை பிடுங்கிய களையை உதறிக்கொண்டே, “கையக் கொஞ்சம் ஆட்டு, பொம்மன்னு நெனச்சித் தோள்ல வந்து ஒக்காந்துரும்” என்றார். பக்கத்துப் பொதுப் பைப்புக்குத் தண்ணி பிடிக்க வந்த இரண்டு பேர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார்கள்.

அக்கா வீட்டுப் பின்கதவில் நின்று சத்தமாகச் சொன்னாள். “ஓடுதுடா. கால்வாசி வந்திருச்சி.”

“அப்படியே விடு.”

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தாள். “திரும்பச் சிடி கேக்குதுடா.”

“வெளிய எடுத்துத் தொடச்சிப் போட்டு, ரிட்ரை அமுக்கு.”

“என்ன அமுக்கணும்?” என்றார் பைப்படியில் நின்றவர்.

“ஒங்களயில்ல அண்ணே.”

துடைத்துப் போட்டாள், அமுக்கினாள், ஓடியது. மறுபடி நின்றது, மறுபடி துடைத்தாள். ஒரு குருவி அத்தையின் வேலியில் வந்திருந்து தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. கையை ஆட்டினேன். அரைவாசி, முக்கால்வாசி என்று அக்கா சொல்லச் சொல்லப் பைப்படிக்காரர்கள் அதைத் தங்களுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டார்கள். பிறகு அக்காவைக் கதவில் காணவில்லை. கையை ஆட்டுவதை விட்டுவிட்டு எட்டி எட்டிப் பார்த்தேன்.

அக்கா கதவுக்கு வந்தாள். “பெட்டியக் காணோம்டா. ஒன்னுமே சொல்லாம மறைஞ்சிருச்சி.”

அந்த வேலை முடிந்தால் அப்படித்தான் மறையும் என்று எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்தவன் மாதிரி, “அது சரிதான். ஓஃப் பண்ணிட்டுத் திரும்பப் போட்டு ஒப்படையத் தொறந்து பாரு” என்றேன்.

அவள் உள்ளே போனாள். அத்தை களை பிடுங்குவதை நிறுத்திவிட்டார். பைப்பில் குடம் நிறைந்து வழிந்தது, யாரும் மூடவில்லை. பிள்ளைகள் தூங்குவதைப் பற்றி எழுதி நாற்பத்து மூன்று பக்கம். அந்த ஐந்து நிமிடத்துக்கு லயமே முழித்துக்கொண்டு நின்றது.

அக்கா பின்கதவில் தெரிந்தாள். ஓடி வரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“நாப்பத்தி மூணு பக்கமும் இருக்கு.”

“நான்தான் சொன்னேனே” என்று கொடிகளுக்குள்ளிருந்து ஒரு காலை வெளியே எடுத்து வைத்தேன்.

“அங்கயே நில்லு. நான் பிரின்ட் எடுத்து முடியிற வரைக்கும் நீ வீட்டுப் பக்கம் வரக்கூடாது. அத்தை, இவனக் கொஞ்சம் பாத்துக்குங்க.”

“அவன் நிக்கட்டும், நீ போம்மா” என்றார் அத்தை.

காலை மறுபடி உள்ளே எடுத்துக்கொண்டேன். எங்கள் பிரின்டர் ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் எடுக்கும்.