ஐம்பதில் ஓடும் ஊரில் டிபியூசர் விற்றவன்

மணிக்கு நூறு கிலோமீற்றரைத் தாண்டினால் மட்டும் ஒழுங்காக வேலை செய்கிற ஒரு சாமானை, ஐம்பதைத் தாண்டினால் பொலிஸ் மறிக்கிற ஊரில் விற்பதுதான் என் தொழில். சாமானின் பெயர் டிபியூசர். காரின் பின் பம்பருக்கு அடியில் பூட்டுவது. அடியால் ஓடிவரும் காற்றை மெல்ல விரியவிட்டு வெளியே அனுப்பும். அதனால் வேகத்தில் கார் எழும்பாமல் ரோட்டோடு அமர்ந்து ஓடும்.

பருத்தித்துறையில் மச்சானோடு பைபர் போட் செய்துகொண்டிருந்தவன் நான். இரண்டு வருடத்துக்கு முன் யாரோ அனுப்பிய டிபியூசர் வீடியோவைப் பார்த்துப் புத்தி கெட்டு, கொக்குவிலில் ஒரு கொட்டகை எடுத்தேன். இந்தச் சித்திரை முடிவதற்குள் ஒருவராவது வடிவுக்காக அல்லாமல் காற்றுக்காக ஒன்று வாங்கவேண்டும், இல்லையென்றால் கொட்டகையை விட்டுவிட்டு மச்சானிடமே திரும்புவேன் என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒருவருக்கும் தேவைப்படாத சாமானை விளக்கிச் சொல்லித் தொண்டை வற்றியவர்களே, இது உங்களுக்கு.

கடலையும் தாங்கும்

முதல் டிபியூசரை எனக்குத் தெரிந்த ஒரே முறையில், போட் செய்வதுபோலச் செய்தேன். ஐந்து படை பைபர் வைத்து ரெசின் பூசினேன். கடலுக்கடியில் கிடக்கும் கற்பாரில் மோதினாலும் உடையாது. வாங்கியவர் வங்கியில் வேலை செய்யும் இளம் ஆள். மூன்றாம் நாள் றெயில் கடவையில் கார் ஏறி இறங்கும்போது டிபியூசர் தண்டவாளத்தில் தட்டியது. அது வளைந்தும் கொடுக்கவில்லை. பின் பம்பரை முழுதாகக் கழற்றிக்கொண்டு கீழே விழுந்தது.

இரண்டையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவர் ஏசியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். கீறல்கூட விழாத என் சாமானைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, உங்கடை சாமானிலை பிழையில்லை. காருக்குத்தான் அதைத் தாங்கேலாமல் போச்சு."

ஒன்று கூட

அதன்பிறகு மெல்லிசாகச் செய்யப் பழகினேன். அச்சுவேலியிலிருந்து வெங்காய வியாபாரி ஒருவர் வந்தார். டிபியூசரில் நெடுக்காக நிற்கும் தகடுகளை நான் செட்டை என்பேன், மீனின் செட்டையைச் சொல்வதுபோல. அவருடைய காருக்கு நாலு செட்டை காணும், அதற்குமேல் நெருக்கினால் காற்றுக்குத்தான் இடைஞ்சல் என்று கடதாசியில் கீறிக் காட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். முழுதும் விளங்கிவிட்டது என்றே நம்பினேன், மடையன். எழும்பும்போது ஏழு போடச் சொன்னார். ஏன் ஏழு என்று கேட்டேன். "தமையன்ரை காரிலை ஆறு கிடக்கு, தம்பி. காத்து எப்பிடியும் போகட்டும்."

நாவூறு

பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர். புதுக் காருக்கு டிபியூசர் பூட்டி ஒரு கிழமைகூட ஆகவில்லை. ரோட்டோரம் நின்ற காரைப் பார்த்தால், நடுச் செட்டையில் தேசிக்காய், செத்தல் மிளகாய், ஒரு பிள்ளையின் பழைய செருப்பு எல்லாம் கோர்த்துத் தொங்குகின்றன. காற்றுப் போகிற வழியை இப்படி அடைக்கலாமா என்று கேட்டேன். என்னைப் பாவமாகப் பார்த்தார். "காத்து ஒண்டும் செய்யாது, தம்பி. முன்வீட்டுக்காரரின்ரை கண்தான் பொல்லாதது."

கேட்கத் தெரிந்தவன்

சித்திரை நடுவில் ஒருவன் வந்தான். முப்பது வயதிருக்கும். கனடாவிலிருந்து தாயைப் பார்க்க வந்தவன். அங்கே லீவு நாட்களில் தன் காரைப் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவனாம். அவன் செட்டையை எண்ணவில்லை. எத்தனை பாகை சாய்வு என்று கேட்டான். காரின் அடிப்பக்கத்தைத் தட்டையாக மூடினால்தானே இது சரியாக வேலை செய்யும் என்றான். இரண்டு வருடமாக ஒருவரும் கேட்காத கேள்விகள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் போனில் வைத்திருந்த அளவுகளைக் கொண்டு பத்து நாள் வேறு வேலை தொடாமல் செய்தேன். என் கையால் செய்ததில் அதுதான் திறம்.

அவன் வந்து தூக்கிப் பாரம் பார்த்தான், விளிம்பைத் தடவினான், தலையாட்டினான். கனடாவுக்குக் கொண்டுபோகப் பெட்டியில் கட்டித் தரட்டுமா என்று நான் கேட்பதற்குள், நூற்றைம்பதில் நான் ஓடிப் பார்த்தபோது பின்பக்கம் எப்படி இருந்தது என்று கேட்டான்.

என்னிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். என் டிபியூசரைப் பூட்டிக்கொண்டு எழுபதுக்குமேல் ஓடிய காரை நான் கண்டதில்லை. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இவன் இதை நம்பி இருநூற்றில் போவானே என்று நினைத்ததும் வாய் வரவில்லை. ஓடிப் பார்க்கவில்லை என்றேன். அவன் அதை மெதுவாக மேசையில் வைத்தான். "குறை நினையாதேங்கோ, அண்ணை. நல்ல வடிவா இருக்கு. ஆனா ஓடிப் பாக்காததை நம்பி நான் ஏறேலாது."

வைகாசி பிறந்ததும் மச்சானோடு போட் வேலைக்குப் போகிறேன். போட் என்றால் வாங்க வந்தவரின் கண்முன்னால், நின்ற இடத்திலேயே மிதந்து காட்டிவிடும்.