எலியோடு பேசிய புனிதை

கம்பளி வியாபாரி வீட்டின் கடைசி மகள் ஹாவிஸ். சீர் கொடுக்கக் காசில்லாமல் ஒரு சதுப்புநிலத்துக் கன்னியர் மடத்தில் சேர்த்துவிட்டார்கள். அதிகம் பேசமாட்டாள். மூன்று குளிர்காலம் மெழுகுப் பலகையில் கீறி, அழித்து, மறுபடி கீறி, ஒரு புனிதையின் கதையை ஆங்கிலத்தில் பாட்டாக எழுதினாள். அதைத் தோல் ஏட்டில் படியெடுத்த மடத்துக் குரு தர்ஸ்டன் சாமிக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

"உன் பேர் வெளிய வந்தா, பொம்பளை வேதம் பேசுறாளான்னு ஆயர் புத்தகத்தைப் பிடுங்கிக்குவாரு. பேர் வேணுமா, புத்தகம் வேணுமா மகளே?"

"புத்தகந்தான் சாமி."

சொல்லும்போது சுலபமாகத்தான் இருந்தது.

தவக்காலத்தில் அதை வாசித்தார்கள். சாப்பாட்டு அறையில் பேசக் கூடாது. ஒருத்தி வாசிப்பாள், மற்றவர்கள் விரல் சைகையில் உப்பும் ரொட்டியும் கேட்பார்கள். சிறையில் புனிதை எலியோடு பேசும் இடம் வந்தது. சிரிப்பார்கள் என்று நினைத்து ஹாவிஸ் எழுதிய இடம். எதிரே இருந்த இளம் கன்னிகை இடோனியாவின் விரல், உப்புக் கேட்க நீட்டியபடியே நின்றுவிட்டது. கன்னமெல்லாம் கண்ணீர்.

சாப்பாடு முடிந்து, கணப்பு மூட்டிய அறையில் பேச அனுமதி உண்டு.

"அழுதுகிட்டே ரெண்டு மீனை உள்ள தள்ளிட்டாளே இவ!" என்றாள் சமையல் பொறுப்பிலிருந்த அவிஸ்.

"போக்கா! ஆளில்லாம எலிகிட்டப் பேசுறது எப்படின்னு எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் இடோனியா.

"யாராவது வடக்கத்திச் சாமியாரா இருக்கும். முழங்கால் வரைக்கும் தாடி. எலியே அதுலதான் குடியிருந்திருக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"இடோனியா..." என்றாள் ஹாவிஸ்.

வாயே திறக்காதவள் கூப்பிட்டதும் எல்லாத் தலைகளும் திரும்பின.

"என்னக்கா?"

ஹாவிஸின் நாக்கு நுனியில் 'நான்தான்' நின்றது. கதையில் பாதி இன்னும் வாசிக்கப்படவில்லை.

"மீதியை நாளைக்கு வாசிப்பாங்க. கேளு."

"இது ஒரு சேதியா? நான் முத ஆளா வந்து உக்காந்திருப்பேன்." இடோனியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழுதின மனுஷனுக்காக ஒரு ஜெபம் சொல்வோமா? பாவம், எங்க தனியாக் கிடக்காரோ."

முழந்தாளிட்டார்கள். ஹாவிஸும். இடம் நெருக்கடி; இடோனியாவின் தோள் அவள் தோளில் இடித்தது.

"ஆண்டவரே, அவருக்கு ஒரு துணையைக் கொடும்."

"ஆமென்," என்றார்கள் எல்லோரும். ஹாவிஸ் கொஞ்சம் தாமதமாகச் சொன்னாள்.