நான் நீக்கிய சேனல்

நான் விழுப்புரத்தில் ஏறும் காலைப் பாசஞ்சரில் மயிலத்தில் ஏறித் திண்டிவனத்தில் இறங்குவார், கட்டட வேலைக்குப் போகும் சித்தாள் பெண் ஒருவர். நகங்களில் சிமெண்ட் வெளுத்திருக்கும். செல்போனில் வரும் செய்தியை எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பார். யாராவது சிரித்தால், "ஒங்களுக்கும் சேத்துதான் படிக்கிறேன்" என்பார்.

ஒரு நாள் போனை என்னிடம் நீட்டினார். "சார், நெஜமான நியூஸ் மட்டும் வர்ற மாதிரி பண்ணிக் குடுங்க. பாதி புளுகா வந்துக்கினு இருக்குது."

நான் கல்லூரியில் பாடம் நடத்தியவன். நான் நம்பும் மூன்று பத்திரிகைகளைச் சேர்த்தேன். அவர் பார்த்துவந்த உள்ளூர் சேனலில் ஒருவன் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தான். அவரைக் கேட்காமலே அதை நீக்கிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவரே சொன்னார். "எங்க தெருவுக்கு மனைப்பட்டா முகாம் போட்டாங்க சார். நான் அந்த வாரம் வானூர்ல வேலைல தங்கிக்கினு இருந்தேன். கத்துறவன் டெய்லி சொன்னானாம். ஒங்க பேப்பருல எங்க ஊரு பேரே வர்லீங்க. இனி எப்ப போடுவாங்களோ."

குரலில் கோபம் இல்லை. அந்தச் சேனலைத் தானே மறுபடி சேர்த்திருந்தார்.

"ஒங்களுக்கும் போட்டுத் தரட்டுங்களா?" என்று என் போனுக்குக் கை நீட்டினார்.

"எனக்கு எதுக்கும்மா" என்று போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தவறு என்னுடையது என்று தெரிந்தும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. திண்டிவனத்தில் இறங்கும்போது அவர் வழக்கம்போல, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.