தொட்டிப் பெட்டியில் போட்ட தடை

என் மனைவி ரோசலின் பதினேழு வருடம் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு, இப்போது ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் ரேடியோ பெட்டி மாட்டுகிறாள். தோட்டத்துப் பெட்டி சேதி அனுப்பினால் தூரத்துக் கிணற்றில் மோட்டார் ஓடும். நான் அவளுக்கு டிரைவர். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

வீட்டு வைஃபையில் ஒவ்வொரு கருவிக்கும் பிறவியிலேயே மேக் எண் என்று ஓர் அடையாள எண் இருக்கும். இந்த ரேடியோவில் அது கிடையாது. ஒரு பெட்டி பேசினால் எட்டுகிற தூரத்தில் உள்ள எல்லாப் பெட்டிக்கும் கேட்கும். சேதிக்குள் முகவரி போல இருக்கும் ஐபி எண்ணைப் படித்து, இது நமக்கா, அடுத்தவருக்குத் தள்ளிவிடுவதா, தூக்கிப் போடுவதா என்று ஒவ்வொரு பெட்டியும் தானே முடிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகளை எழுதுவதுதான் அவள் தொழில்.

போன மாதம் தோட்டக்காரர் அன்புமணியின் கிணற்று மோட்டாரைப் பழுது பார்க்க மெக்கானிக் சடையாண்டி இறங்கினார். தோட்டத்துப் பெட்டி தினமும் பதினொரு மணிக்குத் தானாகவே மோட்டாரைப் போடச் சொல்லும். நடுவில் தண்ணீர்த் தொட்டி மேல் இருக்கும் பெட்டி அந்தச் சேதியைக் கிணற்றுப் பெட்டிக்குத் தள்ளிவிடும். காலையில் வீட்டிலிருந்தபடியே ரோசலின் அந்தத் தொட்டிப் பெட்டியில் தடை போட்டாள். "இறங்குங்கண்ணே, ஓடாது" என்று சடையாண்டிக்குப் போனில் சொல்லியும் விட்டாள்.

நாங்கள் பைக்கில் அங்கே போய்க்கொண்டிருந்தபோது, பதினொன்றாக ஐந்து நிமிடம் இருக்கையில், என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, தப்புப் பண்ணிட்டேங்க! தொட்டிய மட்டும் அடச்சிருக்கேன். இது ஒயரு இல்லயே. தோட்டத்துப் பெட்டி பேசுறது கிணத்துக்கு நேராவே கேட்டுச்சுன்னா?"

சடையாண்டிக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. அன்புமணியும் எடுக்கவில்லை. மோட்டாருக்குள் கை இருக்கும்போது அது சுற்றினால் விரல் மிஞ்சாது. மாதாவே, மாதாவே என்று என் முதுகுக்குப் பின்னால் முனகிக்கொண்டே வந்தாள். நான் ஆக்சிலரேட்டரை முழுக்க முறுக்கினேன். என் பழைய வண்டியோ முக்கிக்கொண்டு போனது.

கிணற்று மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று நான்கு. "அண்ணே!" என்று கத்தினாள்.

"வாங்க டீச்சர்." கீழே படியிலிருந்து சடையாண்டி நிமிர்ந்தார். கையெல்லாம் கிரீஸ். பத்து விரலும் இருந்தன, நான் எண்ணிப் பார்த்தேன். "செத்த முன்னாடி மேல ஒங்க பெட்டி டக்குன்னுச்சே. ஓடாதுன்னுல்ல சொன்னீங்க?"

அவள் பயந்தது போலவே சேதி நேராக வந்து சேர்ந்திருக்கிறது.

"பெறகு எப்படிண்ணே மோட்டார் ஓடல?"

அவர் இடுப்பு மடிப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே, மோட்டாருக்குக் கரண்ட் விடும் மூன்று ஃபியூஸ் கட்டைகள் இருந்தன. "ஒங்கள நம்பாம இல்ல டீச்சர். ஆனா பீஸப் புடுங்காம நான் எங்கயும் எறங்க மாட்டேன்."

ரோசலின் வரப்பில் உட்கார்ந்து அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு சிரித்தாள். லேப்டாப்பைத் திறந்து, யார் சொன்னாலும் மோட்டாரைப் போடாதே என்று கிணற்றுப் பெட்டியிலேயே விதியை எழுதினாள். எழுதிவிட்டு, "ரொம்ப நன்றிண்ணே" என்று கும்பிட்டாள்.

தன் பேச்சை நம்பாத ஒருவருக்கு அவள் நன்றி சொல்லி நான் பார்த்தது அன்றுதான். எனக்கெல்லாம் அது கிடைக்காது.