மிதக்கும் பொருள்

கின்மென் தீவின் வடகரை. எதிர்க்கரைச் சீன நகரத்தின் மாடிகளை எண்ணிவிடலாம், அவ்வளவு பக்கம். அங்கே சியூ லியன் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள். எதிரே கிம் தாவ். முப்பத்தெட்டு வருஷமாக இருவருக்கும் நடுவே ஒரே கூடை.

அன்று காலை மளிகைக்கடைத் தியோங் செத்துப்போயிருந்தார்.

“நான் போகமாட்டேன்,” என்றாள் கிம் தாவ். “என் வீட்டுக்காரரைக் காட்டிக்கொடுத்தவன். நீ போ. உனக்குத்தான் அவன் கடை உப்புகூட இனிக்குமே.”

லியனின் கத்தி சிப்பியின் வாயிலேயே நின்றுவிட்டது.

லியனின் இளவயதில், எதிர்க்கரையிலிருந்து ஒற்றைப்படைத் தேதிகளில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஊரில் ஆட்களைவிடச் சிப்பாய்கள் அதிகம். மிதக்கிற எதையும் யாரும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பிடித்துக்கொண்டு அக்கரைக்கு நீந்திவிடுவார்களாம். பள்ளிக்கூடப் பந்துக்குக்கூட எண் போட்டிருந்தது. கிம் தாவின் கணவனோ லாரி டியூப் ஒன்றில் கூடையைக் கட்டி, சேற்று வாய்க்காலில் சிப்பி இழுத்துவந்தான். பெண்கள் படையில் இருந்த லியனுக்குப் பத்தொன்பது வயது. வீடு வீடாகச் சோதனை போட்டபோது அதைப் பார்த்தாள். யாரும் மிரட்டவில்லை. அணியில் முதலாவதாக வரவேண்டும், அவ்வளவுதான். மேலிடத்துக்கு எழுதிக்கொடுத்தாள். ஒரு துவாலை பரிசாகக் கிடைத்தது.

மூன்று வருஷம் கழித்து அவன் சிறையிலிருந்து இருமலோடு திரும்பினான். அதன்பின் இரண்டு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. டியூபை விற்றவர் தியோங் என்பதால் பழி அவர்மேல் விழுந்தது. லியன் அதை விழவிட்டாள். அவர் கடையில் மட்டும் விடாமல் சாமான் வாங்கினாள்.

“அக்கா, எழுதிக்கொடுத்தது நான்.”

“எதை?”

“டியூபை.”

கிம் தாவ் இன்னும் இரண்டு சிப்பி உடைத்தாள். “சோதனைக்கு வந்த அன்னைக்கு எங்க வீட்டுலதானே கஞ்சி குடிச்சே?”

“ஆமா. குடிச்சிட்டுத்தான் எழுதினேன்.”

கிம் தாவ் எழுந்து கை கழுவினாள். கறுப்புச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, “என் பின்னால வராத,” என்று சொல்லிவிட்டுத் தியோங் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

லியன் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை.

துக்கப் பந்தலில் தியோங்கின் படத்தின் முன் கிம் தாவ் மண்டியிட்டிருந்தாள். பெண்கள் காகிதத் தாமரை மடித்துக்கொண்டிருந்தார்கள். தியோங்கின் மருமகள் வாசலுக்கே வந்து லியனின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள்.

“வாங்க அத்தை. ஊரே எங்க மாமாவுக்கு முகம் கொடுக்கலை. நீங்க ஒருத்தர்தான் மனுஷியா இருந்தீங்க. முன்னால வந்து உட்காருங்க.”

கிம் தாவ் திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் கைகளின் சூடு லியனுக்குத் தாங்கவில்லை. உருவிக்கொண்டாள்.

“கையை விடும்மா. முதல்ல கேளு. அப்புறம் உட்காரச் சொல்லணுமான்னு நீயே முடிவு பண்ணு.”

தாமரை மடித்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. லியன் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தாள்.